சிக்னல் எந்த அடுக்கில் தொலைகிறது? லினக்ஸ் இன்டரப்ட் டிரைவர்களில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுதல்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமானது. அதிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, வெருலம், ஃபீனிக்ஸ் பக்கமெல்லாம் பல முற்றங்களில் ஜோஜோ டாங்கும் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) ஒரு பம்பும் வந்து உட்கார்ந்துவிட்டன. லோட்ஷெடிங்குக்காக (முறைவைத்து வரும் மின்வெட்டு) வாங்கிய இன்வெர்ட்டர் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. இவற்றைக் கவனிக்க ஒரு ராஸ்பெர்ரி பை 4, அதோடு 16 முனை கொண்ட ஒரு ஐ2சி எக்ஸ்பாண்டர் (இரண்டு கம்பியில் பேசி முனைகளைக் கூட்டித் தரும் சிப்; பிசிஏ9555 அல்லது எம்சிபி23017), தண்ணீர் மட்டத்தைப் பார்க்க நான்கு ஃப்ளோட் சுவிட்ச், பம்புக்கு ஒரு ரிலே. சின்ன அமைப்புதான். ஆனால் இன்டரப்ட் (சாதனம் சிபியுவைக் கூப்பிட்டுக் கவனிக்கச் சொல்லும் சிக்னல்) டிரைவர் எழுதுகிறவர் மாட்டிக்கொள்ளும் பெரும்பாலான தொல்லைகளும் இதிலேயே வந்துவிடும் என்பதால், கீழே எல்லா உதாரணமும் இதை வைத்தே.

சிக்னல் போகும் வழி இது: ஃப்ளோட் சுவிட்ச், எக்ஸ்பாண்டர், அதன் இன்ட் முனை, பையின் ஜிபிஐஓ பகுதி (பொது உள்ளீட்டு, வெளியீட்டு முனைகள்), ஜிஐசி எனும் மைய இன்டரப்ட் கன்ட்ரோலர், கடைசியில் சிபியு. நடுவில் இருக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஐஆர்கியூ-சிப் டிரைவர் உண்டு (ஐஆர்கியூ என்றால் இன்டரப்ட் கோரிக்கை). ஒவ்வொன்றும் மூன்று வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும்: லைனை மூடித் திறப்பது (மாஸ்க், அன்மாஸ்க்), வந்த சிக்னலுக்கு அக் (பெற்றுக்கொண்டேன்) அல்லது ஈஓஐ (முடிந்தது) கொடுத்து முடிப்பது, எட்ஜா (நிலை மாறும் கணம்) லெவலா (ஒரு நிலையில் இருக்கும்வரை) என்ற வகையை வன்பொருளில் எழுதுவது. வரும் புகார் எதுவானாலும், எந்த அடுக்கு இந்த மூன்றில் எதைச் செய்யவில்லை என்றுதான் தேடுகிறோம்.

டிரைவரின் கோடை, அதாவது நிரலைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியது ப்ராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பு (/proc/interrupts). ஒரு தடவை பார்த்தால் போதாது. 10 விநாடி இடைவெளியில் இரண்டு தடவை படித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் இருப்பது லினக்ஸ் தானாகக் கொடுத்த எண். போர்டு மாறினால், சில சமயம் மறுதொடக்கத்திலேயே, அது மாறிவிடும். சிப்பின் பெயருக்கு அடுத்து வருவதுதான் வன்பொருள் எண். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு டிரைவரில் நிலையான எண் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐஆர்கியூ-டொமைன் என்று ஒன்று இருப்பதே அந்த இரண்டு எண்களையும் இணைக்கத்தான்.

கெர்னலை (லினக்ஸின் மைய நிரல்) ஐஆர்கியூ டீபக்எஃப்எஸ் (பிழை தேடும் கோப்பு முறை) வசதியோடு கட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கோப்பு கிடைக்கும். அதில் எந்த ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் செயல்பாடு) ஓடுகிறது, டெப்த் எவ்வளவு, மேலே எந்தெந்த டொமைன் என்று அடுக்கடுக்காக இருக்கும். டெப்த் 0 என்றால் லைன் திறந்திருக்கிறது. 1 அல்லது அதற்கு மேல் என்றால் யாரோ மூடிவைத்துவிட்டுத் திறக்கவில்லை, அல்லது இன்னும் யாரும் அந்த லைனைக் கோரவே இல்லை.

அறிகுறி: எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது

முதலில் மீட்டரை எடுங்கள். பிசிஏ9555-இன் இன்ட் முனை ஓப்பன் ட்ரெயின் வகை. தானாக மேலே போகாது, கீழே மட்டும் இழுக்கும். அதற்கு 3.3 வோல்ட்டுக்கு ஒரு புல்-அப், 10 கிலோ-ஓம் அல்லது 4.7 கிலோ-ஓம், கட்டாயம் வேண்டும். சும்மா இருக்கும்போது 3.3-க்கு அருகிலும், ஃப்ளோட்டைக் கையால் தூக்கினால் பூஜ்யத்துக்கு அருகிலும் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டர்பன் கடற்காற்றில் டெர்மினல் பச்சை பூத்துப்போவது சகஜம். திருகைக் கழற்றி, முனையை வெட்டிப் புதிதாக உரித்துப் போடுங்கள்.

வன்பொருள் சரி என்றால் எண்ணைப் பாருங்கள். ஜிஐசி-யில் 0 முதல் 15 வரை எஸ்ஜிஐ (கோர்கள் தங்களுக்குள் அனுப்புபவை), 16 முதல் 31 வரை பிபிஐ (ஒரு கோருக்கே உரியவை), 32 முதல் எஸ்பிஐ (எல்லாக் கோருக்கும் பொதுவான சாதன லைன்கள்). டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) எஸ்பிஐ எழுதும்போது அந்த 32-ஐக் கழித்துவிட்டு எழுத வேண்டும். பை 4-இன் ஜிபிஐஓ பகுதிக்கு ட்ரீயில் 113 என்று இருக்கும். ஜிஐசி பார்ப்பது 145. சிப் கையேட்டில் இருக்கும் எண் 32 சேர்த்ததா சேர்க்காததா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் கெர்னல் முறையிடாது. இல்லாத ஒரு கம்பியைத் திறந்துவைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருக்கும்.

அடுத்தது வகை. ட்ரீயின் கடைசி எண் 1 என்றால் ஏறும் எட்ஜ், 2 இறங்கும் எட்ஜ், 4 மேல் லெவல், 8 கீழ் லெவல். ஜிஐசி-யின் எஸ்பிஐ லைன்கள் 1, 4 இரண்டை மட்டும் ஏற்கும். ஜிபிஐஓ-வுக்கு எழுதிப் பழகிய கையால் இங்கேயும் 8 போட்டால் மைனஸ் 22 (செல்லாத மதிப்பு என்ற பிழை எண்) வரும். சிக்னல் கீழ்நோக்கித்தான் வருகிறது என்றால் நடுவில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஒரு லாஜிக் கேட்டோ (சுவரில் தொங்கும் இன்வெர்ட்டர் அல்ல), திருப்பிக் கொடுக்கும் இன்னொரு சிப்போ வேண்டும்.

நீங்களே எழுதிய ஜிபிஐஓ டிரைவர் என்றால் இன்னொரு இடமும் உண்டு. ஜிபிஐஓ-லிப்பில் (கெர்னலின் ஜிபிஐஓ நூலகம்) தொடக்க ஹேண்ட்லராக பேட்-ஐஆர்கியூ என்பதை வைத்து, வகையை அமைக்கும் சமயத்தில் சரியான ஹேண்ட்லருக்கு மாற்றுவதுதான் வழக்கம். அந்த மாற்றும் வரியை எழுத மறந்தால் சிக்னல் வரும், "அன்எக்ஸ்பெக்டட் ஐஆர்கியூ ட்ராப்" என்று லாகில் ஒரு வரி விழும், உங்கள் கோடு ஓடாது. எண்ணிக்கை ஏறினாலும், டிரைவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவும் வராதது போலவே தோன்றும். லாகையும் சேர்த்துப் பாருங்கள்.

மேலே உள்ள அடுக்கைத் தனியாகச் சோதிக்க ஒரு நல்ல தந்திரம்: கெர்னலில் இன்டரப்ட் இன்ஜெக்‌ஷன் வசதி இருந்தால், டீபக்எஃப்எஸ்-இல் அந்த லைனின் கோப்பில் ட்ரிக்கர் என்ற சொல்லை எழுதலாம். எல்லாச் சிப்பிலும் எடுக்காது. ஜிஐசி லைனில் எடுக்கும். எண்ணிக்கை ஏறினால் ஜிஐசி-யிலிருந்து உங்கள் ஹேண்ட்லர் வரை பாதை நல்லது, கோளாறு அதற்குக் கீழே.

ஒரு எச்சரிக்கை: செயின்ட் முறையில் (தாய் லைனின் ஹேண்ட்லரே குழந்தை லைன்களை நேரடியாக அழைக்கும் முறை) கட்டிய தாய் லைன், அதாவது ஜிபிஐஓ பகுதியிலிருந்து ஜிஐசி-க்குப் போகும் லைன், இன்டரப்ட்ஸ் கோப்பில் தெரியவே தெரியாது. அதைக் காணவில்லையே என்று ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம். அங்கே குழந்தை லைன்கள் மட்டுமே எண்ணப்படும்.

அறிகுறி: ஒரே ஒரு தடவை வருகிறது, பிறகு மௌனம்

அதிகம் பார்க்கும் புகார் இதுதான். ஃப்ளோட்டைத் தூக்கினால் எண்ணிக்கை 1 ஆகிறது. இறக்கினாலும் திரும்பத் தூக்கினாலும் 1-தான்.

மீட்டரை இன்ட் முனையில் வையுங்கள். முனை கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் எக்ஸ்பாண்டரை யாரும் படிக்கவில்லை. பிசிஏ9555-இல் இன்டரப்ட்டை அழிக்கத் தனி ரெஜிஸ்டர் கிடையாது. மாறிய போர்ட்டின் உள்ளீட்டு ரெஜிஸ்டரைப் படித்தால், அல்லது உள்ளீடு பழைய நிலைக்கே திரும்பினால்தான் அது போகும். இதில் பலர் தடுக்கி விழும் இடம்: போர்ட் 1-இல் வந்த மாற்றத்தை போர்ட் 0-ஐப் படித்து அழிக்க முடியாது. டிரைவர் எட்டு பிட் மட்டும் படித்தால், 8 முதல் 15 வரையிலான முனைகளில் ஒன்று அசைந்த நொடியில் எல்லாம் நின்றுவிடும். ஃப்ளோட் கம்பியை முனை 3-லிருந்து முனை 11-க்கு மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

எம்சிபி23017-இல் கதை வேறு. அதில் இன்ட்கேப் அல்லது ஜிபிஐஓ ரெஜிஸ்டரைப் படித்தால் இன்டரப்ட் அழியும். நீங்கள் ஐ2சி-கெட் கட்டளையால் "சும்மா ஒரு தடவை பார்க்கலாம்" என்று அந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் அழியும். சோதனை செய்கிற கையே தடயத்தைத் துடைத்துவிடும். முதலில் இன்ட்எஃப் ரெஜிஸ்டரைப் படியுங்கள். அது எந்த முனை எழுப்பியது என்று சொல்லும், எதையும் அழிக்காது.

இன்ட் முனை கீழே ஒட்டியிருக்கிறது, டிரைவரும் இரண்டு போர்ட்டையும் படிக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால், எக்ஸ்பாண்டரின் தாய் லைனை, அதாவது இன்ட் முனை போய்ச் சேரும் ஜிபிஐஓ லைனை, இறங்கும் எட்ஜ் என்று எழுதியிருப்பீர்கள். நடப்பது இது: முதல் மாற்றம் வருகிறது, இன்ட் இறங்குகிறது, த்ரெட் (ஹேண்ட்லரின் மெதுவான வேலையைச் செய்யும் தனி ஓட்டம்) எழுந்து படிக்கிறது. படித்து முடித்து அடுத்ததுக்குத் தயாராவதற்குள் இரண்டாவது மாற்றம் வந்துவிட்டது. இன்ட் திரும்பவும் கீழே. ஆனால் ஜிபிஐஓ பகுதி அந்த இரண்டாவது இறக்கத்தைப் பார்க்கத் தவறினால், அல்லது இன்ட் மேலே போகாமலே கீழே இருந்துவிட்டால், இனி இறங்குவதற்கு இடமில்லை. புதிய எட்ஜ் வராது. கீழ் லெவல் என்று எழுதி, ஒன்ஷாட் கொடியோடு (த்ரெட் முடியும்வரை லைனை மூடியே வைக்கச் சொல்வது) த்ரெட் கோருவதே சரி. கீழே இருக்கும்வரை கெர்னல் திரும்பத் திரும்ப வந்து கேட்கும், எதுவும் தொலையாது. "எட்ஜ் போட்டால் பாரம் குறைவு" என்று சொல்வார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பாரம் ஒரு பொருட்டே இல்லை.

இன்ட் மேலே போய்விட்டது, கெர்னல்தான் கண்டுகொள்ளவில்லை என்றால் கோளாறு அக், ஈஓஐ பக்கம். லெவல் ஹேண்ட்லர் முதலில் லைனை மூடும், வேலையை முடித்ததும் திறக்கும். எட்ஜ் ஹேண்ட்லர் முதலில் அக் கொடுத்துவிட்டு லைனைத் திறந்தபடியே வேலை செய்யும். ஃபாஸ்ட்-ஈஓஐ கடைசியில் ஈஓஐ மட்டும் கொடுக்கும். அடுக்கு டொமைன் எழுதும்போது ஈஓஐ-ஐத் தாய்க்குத் தள்ளிவிடும் வரியை விட்டுவிட்டால், அதற்குத் தனி அடையாளம் உண்டு: உங்கள் லைன் மட்டுமல்ல, அதே சிபியுவில் அதே முன்னுரிமையில் வரும் மற்ற லைன்களும் சேர்ந்து உறையும். இன்னும் முந்தைய இன்டரப்ட்டையே கவனித்துக்கொண்டிருப்பதாக ஜிஐசி நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிறு டிரைவரை ஏற்றியதும் அந்த கோர் மொத்தமாகச் செத்துப்போனால் முதலில் ஈஓஐ-ஐச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: எண்ணிக்கை பாய்கிறது, பிறகு "நோபடி கேர்ட்"

கெர்னலின் கணக்கு இது: ஒரு லைனில் 1,00,000 இன்டரப்ட் வந்து, அதில் 99,900-க்கு மேல் "என்னுடையது இல்லை" என்று ஹேண்ட்லர்கள் கைவிரித்தால், லாகில் "நோபடி கேர்ட்" என்று எழுதிவிட்டு லைனையே அணைத்துவிடும். யாரும் ஏற்காத இரண்டு இன்டரப்ட்டுகளுக்கு நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ப்ராக் அடைவில் அந்த ஐஆர்கியூ எண்ணின் கீழ் ஸ்ப்யூரியஸ் என்ற கோப்பில் இந்தக் கணக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.

இதனால் வருகிற ஒரு வினோதத்தைக் கவனியுங்கள். மின்சாரம் இருக்கும்போது எல்லாம் சரி. லோட்ஷெடிங் தொடங்கி இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்துச் சுமார் 17 நிமிடம் கழித்து ஃப்ளோட் சுவிட்ச் வேலை செய்யாது. மறுதொடக்கம் செய்தால் சரியாகும், திரும்பவும் 17 நிமிடம். காரணம்: மலிவு இன்வெர்ட்டர் தருவது சைன் அலை இல்லை, படிப்படியான அலை. ஒரு சுழற்சியில் நான்கு செங்குத்துப் படிகள். அதில் இரண்டு கீழ்நோக்கி. 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100. பம்பின் கேபிளோடு ஒரே குழாயில் போகும் ஃப்ளோட் கம்பியில் அந்த 100 இறக்கமும் ஊசிபோல் குத்தும். எக்ஸ்பாண்டர் எழுப்பும், ஆனால் ஐ2சி 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டு போர்ட்டைப் படிக்க அரை மில்லிவிநாடியாவது ஆகும். அதற்குள் ஊசி போய்விட்டது, உள்ளீடு பழையபடி. டிரைவர் பார்த்தால் எதுவும் மாறவில்லை. "என்னுடையது இல்லை" என்கிறது. விநாடிக்கு 100 வீதம் 1,00,000 சேர 1,000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி. அவ்வளவுதான் கதை.

10 விநாடி வித்தியாசம் இங்கேதான் கைகொடுக்கிறது. வித்தியாசம் 1,000-ஐ ஒட்டி இருந்தால் அது மின்சாரத்தின் தாளம், கோடில் தேடாதீர்கள். நல்ல சைன் அலையிலும் இதே 1,000 வரலாம்: சுவிட்ச் திறந்திருக்கும்போது நீளக் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் ஏறி, ஒரு சுழற்சிக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். அப்போது உள்ளீடு உண்மையிலேயே மாறுகிறது என்பதால் கெர்னல் லைனை அணைக்காது, ரிலேதான் படபடக்கும்.

தீர்வு கம்பியில். பிசிஏ9555-இன் உள் புல்-அப் 100 கிலோ-ஓம். 30 மீட்டர் கம்பிக்கு அது ஒன்றுமே இல்லை. வெளியே 4.7 கிலோ-ஓம் போடுங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பி, பம்பு கேபிளிலிருந்து தள்ளி. ஊசிகளுக்கு 10 கிலோ-ஓம், 100 நானோஃபாரட் கொண்ட ஒரு வடிகட்டி ஏறத்தாழ 1 மில்லிவிநாடி தரும். எக்ஸ்பாண்டர் முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இடி அடிக்கடி விழும் பக்கம் என்றால் பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் வைப்பதே புத்திசாலித்தனம்.

தாளம் இல்லாமல் விநாடிக்குப் பத்தாயிரக்கணக்கில் பாய்ந்தால் அது கோடுதான். சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரை அழிக்காமல் ஹேண்ட்லர் திரும்புகிறது, அல்லது மாஸ்க் பிட்டின் பொருளைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். சில சிப்பில் 1 என்றால் மூடு, சிலவற்றில் 1 என்றால் திற.

எண்ணிக்கை சரியாக இரட்டிப்பாக, அதாவது ஒவ்வொரு நிஜ நிகழ்வுக்கும் கூடவே ஒரு வெற்று இன்டரப்ட் வந்தால், அழிக்கும் எழுத்து பஸ்ஸில் இன்னும் போய்ச் சேரவில்லை. ஈஓஐ முந்திக்கொண்டது. எழுதிய ரெஜிஸ்டரையே ஒரு தடவை திரும்பப் படியுங்கள். எழுத்து போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் படிப்பு முடியும்.

அறிகுறி: "ஷெட்யூலிங் வைல் அடாமிக்"

எக்ஸ்பாண்டர் டிரைவரை முதல்முறை எழுதுகிறவர்களுக்கு இது ஏறக்குறைய நிச்சயம். மாஸ்க், அன்மாஸ்க் இரண்டையும் கெர்னல் ஒரு ரா ஸ்பின்லாக்கைப் (தூங்காமல் காத்திருக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு, இன்டரப்ட்டை மூடிவைத்து அழைக்கும். அங்கே தூங்கக் கூடாது. ஐ2சி பரிமாற்றமோ தூங்கும். ஆகவே மாஸ்க் செயல்பாட்டில் நினைவகத்தில் ஒரு பிட்டை மட்டும் மாற்றுங்கள். பஸ்-லாக் செயல்பாட்டில் மியூடெக்ஸைப் (தூங்க அனுமதிக்கும் பூட்டு) பிடித்து, பஸ்-சிங்க்-அன்லாக் செயல்பாட்டில் ரெஜிஸ்டரை ஐ2சி வழியாக எழுதி, மியூடெக்ஸை விடுங்கள்.

குழந்தை லைனை எழுப்புவதும் நெஸ்டட் முறையில்தான், அதாவது தாயின் த்ரெட்டுக்குள்ளேயே. அந்த லைனைக் கேட்கும் டிரைவர் சாதாரண ரிக்வெஸ்ட்-ஐஆர்கியூ போட்டால் மைனஸ் 22 கிடைக்கும்; த்ரெட் செயல்பாடு கொடுத்தாக வேண்டும். எந்தச் சூழலில் வரும் என்று தெரியாத பொது டிரைவருக்கு எனி-கான்டெக்ஸ்ட் வகைக் கோரிக்கை இருக்கிறது.

அறிகுறி: கோரிக்கையே தோற்கிறது

மைனஸ் 517 பிழையே அல்ல. தாய் டிரைவர் இன்னும் ஏறவில்லை, பிறகு வா என்கிறது. அதை வாங்கி அப்படியே மேலே திருப்பிக் கொடுங்கள். மைனஸ் 22 ஆக மாற்றிக் கெடுக்காதீர்கள். மைனஸ் 16-உம் (ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழை எண்) லாகில் "ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்" வரியும் வந்தால், ஒரே லைனை இருவர் வேறு வேறு கொடியோடு கேட்கிறார்கள். அந்த வரியிலேயே இருவர் பெயரும் இருக்கும். மைனஸ் 22-க்கு வகை, அல்லது ஹேண்ட்லர் இல்லாமல் த்ரெட் மட்டும் கொடுத்து ஒன்ஷாட் கொடியை மறந்தது.

அறிகுறி: எல்லாம் சிபியு 0-க்கே போகிறது

செயின்ட் லைன்களில் அது இயல்பு. எத்தனை குழந்தைகள் இருந்தாலும் ஒரே தாய்க் கம்பி; ஒரு குழந்தையை மட்டும் வேறு கோருக்கு அனுப்ப வன்பொருளில் வழியே இல்லை.

அறிகுறி: மின்சாரம் போய் வந்த பிறகு மௌனம்

பை பேட்டரியில், எக்ஸ்பாண்டர் ரிலே போர்டின் சப்ளையில் என்று பிரித்துக் கட்டியவர்களுக்கு வருவது. பை நிற்கவே இல்லை, லாகில் ஒரு வரி கிடையாது. ஆனால் எக்ஸ்பாண்டர் ஒரு கணம் இருட்டில் விழுந்து எழுந்திருக்கிறது. எம்சிபி23017 எழும்போது ஜிபி-இன்ட்-என் ரெஜிஸ்டர் பூஜ்யம், அதாவது எந்த முனையும் இன்டரப்ட் தராது. டிரைவரின் ரெக்மேப் கேஷோ (ரெஜிஸ்டர் மதிப்புகளின் நினைவகப் பிரதி) பழைய மதிப்பையே வைத்துக்கொண்டு, ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று நம்பி, திரும்ப எழுதாது. ஐ2சி-கெட்டை வலுக்கட்டாயக் கொடியோடு ஓட்டி ரெஜிஸ்டர் 4, 5 இரண்டையும் படியுங்கள். இரண்டும் 0 என்றால் இதுதான்.

பிசிஏ9555-இல் மாஸ்க் ரெஜிஸ்டரே இல்லை என்பதால் இன்டரப்ட் தொடர்ந்து வரும். ஆனால் எல்லா முனையும் உள்ளீடாகிவிடும்; ரிலேயை ஓட்டிய முனை கைவிடப்பட்டு, பம்பு எந்த நிலைக்குப் போகும் என்பது ரிலே போர்டின் புல்-அப், புல்-டவுனைப் பொறுத்தது. எந்தப் பக்கம் விழுந்தால் ஆபத்தில்லையோ அந்தப் பக்கம் இழுக்கும்படி ரெசிஸ்டரைப் போட்டுவைப்பது டிரைவருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

டிரைவரில் செய்வது: கேஷை அழுக்கு என்று குறித்து, சிங்க் அழைப்பது. அதை எப்போது அழைப்பது என்றால், எக்ஸ்பாண்டரின் சப்ளையை ஒரு ஜிபிஐஓ முனையால் நேரடியாகக் கவனித்து, அது திரும்பிய 50 மில்லிவிநாடி கழித்து. அந்த முனையை எக்ஸ்பாண்டர் மீது வைக்காதீர்கள், பையின் மீதே வையுங்கள். சோதனைக்கு லோட்ஷெடிங்கைக் காத்திருக்க வேண்டாம்: பை ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்பாண்டரின் சப்ளைக் கம்பியை 10 விநாடி பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகி, ரெஜிஸ்டர் 4, 5 முந்தைய மதிப்புக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஃப்ளோட்டைத் தூக்குங்கள்.